காத்மாண்டு யாத்திரையும் ஒரு குழந்தைகள் இல்லமும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கடந்த ஞாயிறு இணைப்பிதழில் வெளிவந்த நேபாள யாத்திரைக் கட்டுரையை இருமுறை படித்தேன். போக்கராவிலிருந்து ஜோம்சோமுக்குச் செல்லும் சிறு விமானங்கள், பகலில் காற்று வலுப்பதற்கு முன் காலையிலேயே பறந்துவிடும் என்பது முதல், முக்திநாத்தின் 108 நீர்த்தாரைகளில் நனைய விரும்பும் முதியவர்கள் குளிருக்கு எப்படித் தயாராக வேண்டும் என்பது வரை எல்லாம் சரியாகவும் உதவியாகவும் எழுதப்பட்டிருந்தன. என் மனத்தை உறுத்தியது கடைசிப் பத்தி. பசுபதிநாதரைத் தரிசித்த பின் கிடைக்கும் அரைநாளில், காத்மாண்டுவில் உள்ள ஆதரவற்ற குழந்தைகள் இல்லம் ஒன்றுக்குச் சென்று, அரிசியும் நோட்டுப் புத்தகங்களும் வழங்கி, பிள்ளைகளோடு படம் எடுத்துக்கொண்டு திரும்பினால் யாத்திரை நிறைவு பெறும் என்று கட்டுரையாளர் எழுதியிருக்கிறார். இதையே நானும் என் மனைவியும் 2010ஆம் ஆண்டு அக்டோபரில் செய்தோம். அதோடு நிற்காமல், அடுத்த ஆறு ஆண்டுகள் அந்த இல்லத்தில் இருந்த ஒரு சிறுவனுக்கு மாதந்தோறும் பணம் அனுப்பினோம். அதனால் என்ன விளைந்தது என்பதை இனிப் போகப்போகிறவர்கள் அறிந்திருக்க வேண்டும் என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

நாங்கள் சென்றது கும்பகோணத்திலிருந்து புறப்பட்ட 42 பேர் கொண்ட குழு. சமையல்காரர், அப்பளக்கட்டு, ரசப்பொடி சகிதம் கோரக்பூர் வரை ரயிலிலும், சுனௌலி எல்லையைக் கடந்து பேருந்திலும் போனோம். சாளக்கிராமத் திவ்யதேசத்தைச் சேவித்துவிட்ட மகிழ்ச்சியில் எல்லோரும் இளகிய மனத்தோடு இருந்த நேரத்தில், நிகழ்ச்சி நிரலில் கடைசி இடமாக அந்த இல்லம் வந்தது. மூன்று மாடி வாடகை வீடு. முப்பது பிள்ளைகள் இருந்திருப்பார்கள். வரிசையில் நின்று கைகூப்பி வணக்கம் என்று தமிழில் சொன்னார்கள். ஒரு சிறுமி விநாயகர் துதி ஒன்றைத் திக்கித் திக்கிப் பாடினாள். எங்கள் குழுவில் இருந்த பெண்களில் அழாதவர்கள் இல்லை. நான்கு வயதுகூட நிரம்பாத ஒரு குழந்தை, முன்பின் பார்த்திராத என் மனைவியின் விரலைப் பிடித்துக்கொண்டு, நாங்கள் புறப்படும்வரை விடவே இல்லை. அதை அன்பு என்றே எடுத்துக்கொண்டோம். நிலையாகப் பார்த்துக்கொள்ள ஒருவரும் இல்லாமல், வந்து போகிறவர்களின் கைகளிலேயே வளரும் குழந்தைகள் யாரிடமும் உடனே ஒட்டிக்கொள்வார்கள் என்பதும், குழந்தை மனநல மருத்துவர்கள் அதைக் கவலைக்குரிய அறிகுறியாகக் கருதுகிறார்கள் என்பதும் எனக்குப் பல ஆண்டுகள் கழித்தே தெரிந்தன. நாங்கள் வெளியே வந்தபோது வாசலில் குஜராத்திலிருந்து வந்த இன்னொரு பேருந்து நின்றது. அவர்களைப் பார்த்ததும் அதே பிள்ளைகள் அதே வரிசையில் நின்று ‘கேம் சோ’ என்றார்கள். எங்களில் ஒருவர் சிரித்தார். பிள்ளைகள் கெட்டிக்காரர்கள் என்றார். அதற்கு மேல் யாரும் யோசிக்கவில்லை.

அங்கே எங்களுக்கு ஒரு படத்தொகுப்பைக் காட்டினார்கள். ஒவ்வொரு பிள்ளையின் படத்துக்குக் கீழேயும் இரண்டு வரிக் கதை இருந்தது. நாங்கள் தேர்ந்தெடுத்த சிறுவனுக்கு அப்போது ஒன்பது வயது. தாயும் தந்தையும் உள்நாட்டுப் போரில் இறந்துவிட்டதாக எழுதியிருந்தது. (தேர்ந்தெடுத்த என்ற சொல்லை இப்போது எழுதும்போது கை கூசுகிறது. கடையில் துணி எடுப்பதைப் போலத்தான் எடுத்தோம்.) மாதம் 2,000 ரூபாய் என்று பேசி முடித்தோம். இந்திய வங்கிக் கணக்கிலிருந்து நேபாளத்துக்கு நெஃப்ட் வழியாகப் பணம் அனுப்பும் வசதி 2008இல்தான் வந்திருந்தது. வங்கியில் 34 ஆண்டுகள் பணியாற்றி ஓய்வுபெற்றவன் என்பதால் அந்தப் படிவத்தை நானே நிரப்பினேன். பணம் பெறும் கணக்கு இல்லத்தின் பெயரில் இல்லை, அதை நடத்தியவரின் சொந்தப் பெயரில் இருந்தது. எங்கள் கிளையில் ஒரு வாடிக்கையாளர் அறக்கட்டளைக்கான நன்கொடையைத் தனியாள் கணக்கில் செலுத்த வந்திருந்தால், நான் அவரை உட்காரவைத்து நாலு கேள்வி கேட்டிருப்பேன். என் பணத்துக்கு நான் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. புண்ணிய காரியத்தில் கணக்குப் பார்ப்பதா என்று தோன்றியது.

2012இலும் 2014இலும் மீண்டும் போனோம். முதல் முறை நாங்கள் கொடுத்த நோட்டுப் புத்தகக் கட்டுகள் பிரிக்கப்படாமல் ஒரு பீரோவில் அடுக்கப்பட்டிருந்ததைப் பார்த்தேன். சிக்கனமாகச் செலவிடுகிறார்கள் என்று எனக்கு நானே விளக்கம் சொல்லிக்கொண்டேன். 2014இல் அந்தப் பையனை அழைத்துக்கொண்டு பௌத்தநாத் ஸ்தூபிக்குப் போனோம். அவனுக்கு வயது பதின்மூன்று. எங்களோடு உடைந்த இந்தியில் பேசுவான். ஸ்தூபியைச் சுற்றிவரும்போது, எந்த முன்னறிவிப்பும் இல்லாமல், ஊரில் தன் அம்மா இருக்கிறாள் என்றான். திரும்பி வந்து இல்லத்தை நடத்தியவரிடம் கேட்டேன். தாய் தகப்பன் இல்லாத பிள்ளைகள் இப்படிக் கற்பனை செய்துகொள்வது வழக்கம், அதை நீங்கள் ஊக்கப்படுத்த வேண்டாம் என்றார். அதை நம்பினேன். நம்புவது எனக்கு வசதியாக இருந்தது என்பதே உண்மை. மேலும் இரண்டு ஆண்டுகள் பணம் அனுப்பினேன்.

அவனுடைய ஊர் ஹும்லா மாவட்டத்தில் இருக்கிறது. கைலாய யாத்திரை சென்றவர்களுக்கு இந்தப் பெயர் தெரிந்திருக்கும். நேபாள்கஞ்சிலிருந்து சிறு விமானத்தில் சிமிகோட், அங்கிருந்து ஹெலிகாப்டரில் எல்லையோர ஹில்சா, பிறகு கர்ணாலிப் பாலத்தைக் கடந்து திபெத்துக்குள் தக்லகோட் என்று நம் மக்கள் ஆண்டுதோறும் போகிறார்களே, அந்தச் சிமிகோட்தான் ஹும்லாவின் தலைநகர். நேபாளத்தின் வடமேற்கு மூலையில், நாட்டின் சாலைத் தொடர்போடு நெடுங்காலம் இணைக்கப்படாமல், விமானம் இல்லையென்றால் நடைதான் என்றிருந்த மாவட்டம் அது. வாற்கோதுமையும் பாப்பரை எனப்படும் மலைத் தானியமும் விளையும்; அரிசி பெரும்பாலும் விமானத்தில் வர வேண்டியிருந்தது. 1996 முதல் 2006 வரை நடந்த மாவோயிஸ்ட் போரின்போது மலைக் கிராமங்களில் பள்ளிகள் முடங்கின. வீட்டுக்கு ஒரு பிள்ளையைப் படைக்குக் கேட்டு ஆள் வரும் என்ற அச்சம் இருந்தது. அந்த அச்சத்தைத்தான் தரகர்கள் முதலாக்கினார்கள். காத்மாண்டுவில் நல்ல விடுதிப் பள்ளி இருக்கிறது, படித்து ஆளாகித் திரும்புவான் என்று சொல்லி, பெற்றோரிடமே பணமும் வாங்கிக்கொண்டு பிள்ளைகளை அழைத்துப் போனார்கள். நிலத்தையும் கால்நடையையும் விற்றுக் கொடுத்தவர்கள் உண்டு. பிள்ளை நகரம் போய்ச் சேர்வதற்குள், பெற்றோர் இறந்துவிட்டதாகச் சான்றுகள் உருவாகிவிடும். காகிதத்தில் மட்டும் அநாதையாக்கப்பட்ட இந்தப் பிள்ளைகளுக்குக் காகித அநாதைகள் என்றே பெயர் வந்துவிட்டது.

போர் 2006இல் ஓய்ந்தது, பிள்ளைகள் திரும்பவில்லை. அதே ஆண்டில் நெக்ஸ்ட் ஜெனரேஷன் நேபாள் என்ற அமைப்பைத் தொடங்கிய கானர் கிரென்னன் என்ற அமெரிக்கர், இல்லமொன்றில் தொண்டராகப் பணியாற்றி அதன் பிள்ளைகளை அறிந்தவர். அவர்களின் படங்களை எடுத்துக்கொண்டு ஹும்லாவின் கிராமங்களில் நடந்து நடந்து அவர்களின் பெற்றோரைத் தேடிக் கண்டுபிடித்தார். இறந்ததாகச் சொல்லப்பட்டவர்கள் வாசலில் வந்து நின்றார்கள். நேபாளத்து இல்லங்களில் உள்ள பிள்ளைகளில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பேருக்குத் தாயோ தந்தையோ உயிரோடு இருக்கிறார்கள் என்பது இத்துறையில் பணியாற்றுவோர் திரும்பத் திரும்பச் சொல்லிவரும் செய்தி. இன்னொன்றையும் கட்டுரையாளர் கவனிக்க வேண்டும். 77 மாவட்டங்கள் கொண்ட அந்நாட்டில், இல்லங்களில் மிகப் பெரும்பாலானவை காத்மாண்டு, லலித்பூர், பக்தபூர், சித்வன், போக்கரா உள்ள காஸ்கி ஆகிய ஐந்தே மாவட்டங்களில் இருக்கின்றன. வறுமை மிகுந்த மாவட்டங்கள் அல்ல இவை. சுற்றுலாப் பயணிகளும் யாத்ரிகர்களும் வரும் மாவட்டங்கள். பிள்ளைகள் எங்கே தவிக்கிறார்களோ அங்கே இல்லம் வரவில்லை, நம் பேருந்து எங்கே நிற்கிறதோ அங்கே வந்திருக்கிறது.

2015 ஏப்ரல் 25 அன்று நிலநடுக்கம் வந்தது. ஏறத்தாழ ஒன்பதாயிரம் பேர் இறந்தார்கள். நான் எங்கள் தெருவிலும் பழைய அலுவலகத்திலும் சொல்லி ஒரு தொகை திரட்டி அதே கணக்குக்கு அனுப்பினேன். நேபாள அரசோ அந்த நேரத்தில் வேறொன்றைக் கண்டு அஞ்சியது. பெற்றோரோ அனுமதியோ இன்றிக் குழந்தைகளை மாவட்டம் விட்டு மாவட்டம் கொண்டுபோகக் கூடாது, புதிய இல்லங்களுக்குப் பதிவு இல்லை, வெளிநாட்டுத் தத்துக்கும் இடமில்லை என்று அறிவித்தது. உதவி குவியும் இடத்தில் பிள்ளைகளும் கொண்டுவந்து குவிக்கப்படுவார்கள் என்பதை அவர்கள் அனுபவத்தில் அறிந்திருந்தார்கள். நான் அதைச் செய்தியாகப் படித்தேன். எனக்கும் அதற்கும் தொடர்பு இருக்கிறது என்று நினைக்கவில்லை.

2016இன் இறுதியில் அந்த இல்லத்தை அதிகாரிகள் சோதனையிட்டு மூடினார்கள். பிள்ளைகளின் குடும்பங்கள் தேடப்பட்டன. சில மாதங்கள் கழித்து முகநூலில் எனக்கு ஒரு செய்தி வந்தது. அந்தப் பையன்தான், சிமிகோட்டிலிருந்து எழுதியிருந்தான். தான் அம்மாவோடு இருப்பதாகவும், அப்பா உண்மையிலேயே இல்லை என்றும், ஆனால் போரில் அல்ல, தான் காத்மாண்டுவில் இருந்த காலத்தில் நோயில் இறந்தார் என்றும், அது தனக்குத் தெரிவிக்கப்படவே இல்லை என்றும் எழுதியிருந்தான்.

2018இல் நானும் மனைவியும் கைலாய யாத்திரை போனோம். அந்த ஜூலைத் தொடக்கத்தில் கனமழையால் விமானங்கள் நின்றுபோய், ஆயிரத்துக்கும் மேற்பட்ட இந்திய யாத்ரிகர்கள் சிமிகோட்டிலும் ஹில்சாவிலும் சிக்கிக்கொண்டது நாளிதழ்களில் வந்த செய்தி. அவர்களில் நாங்களும் இருந்தோம். திரும்பும் வழியில் சிமிகோட்டில் கிடந்த அந்த நாட்களில், மகனிடமிருந்து தகவல் அறிந்து அவன் தாய் இரண்டு நாள் நடந்து எங்களைப் பார்க்க வந்தார். ஒரு துணிப்பையில் அக்ரூட் கொட்டைகள் கொண்டுவந்திருந்தார். அவர் பேசுவதை மகன் இந்தியில் சொன்னான். சில இடங்களில் அவனே நிறுத்தி, அம்மாவிடம் மறுபடி கேட்டுத் தெரிந்துகொண்டான். ஐந்து வயதில் போய்ப் பதினைந்து வயதில் திரும்பியவனுக்குத் தாயின் மலைப்பேச்சு முழுவதும் பிடிபடவில்லை.

அவர் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் எளிதாக இருந்திருக்கும். என்னை அந்த விடுதிப் பள்ளியின் முதலாளி என்று நினைத்துக்கொண்டிருந்தார். தரகருக்குத் தாங்கள் கொடுத்த பணம் எனக்கு வந்து சேர்ந்ததா என்று கேட்டார். நான் முதலாளி இல்லை, பணம் அனுப்பியவன் என்று விளக்க மகனுக்கு வெகுநேரம் ஆனது. எவ்வளவு அனுப்பினீர்கள் என்று கேட்டார். எழுபத்திரண்டு மாதம், ஒரு லட்சத்து நாற்பத்து நாலாயிரம் இந்திய ரூபாய். ஒன்றுக்கு ஒன்று புள்ளி ஆறு என்ற நிலையான மாற்று மதிப்பில் அவர்கள் பணத்தில் இரண்டு லட்சத்து முப்பதாயிரத்துக்கு மேல். அந்தத் தொகையை மகன் சொன்னதும் அவர் மறுபடி சொல்லச் சொன்னார். பிறகு சிமிகோட் பள்ளி இருந்த திசையைக் கையால் காட்டி ஏதோ கேட்டார். மகன் அதை மொழிபெயர்க்கவில்லை. நானும் கேட்கவில்லை.

ஆசிரியர் அவர்களே, இதற்கு வரக்கூடிய மறுப்பை நானே பலமுறை எனக்குள் சொல்லிப் பார்த்திருக்கிறேன். உண்மையிலேயே யாருமற்ற பிள்ளைகள் இல்லையா, ஏதோ ஓர் இல்லம் தவறாக நடந்ததற்காக எல்லா இல்லங்களையும் ஐயப்படலாமா, நம் சந்தேகத்தால் பசியோடு இருக்கும் ஒரு பிள்ளைக்குக் கிடைக்கும் ஒரு வேளைச் சோறும் நின்றுபோகாதா? யாருமற்ற பிள்ளைகள் இருக்கிறார்கள். நேர்மையான இல்லங்களும் இருக்கின்றன. அவற்றை எப்படி அடையாளம் காண்பது என்பதில்தான் நாம் தவறுகிறோம். நேர்மையாக நடக்கும் இல்லம், அன்று காலை தொலைபேசியில் சொல்லிவிட்டு வரும் 42 பேரை உள்ளே விடாது. கும்பகோணத்தில் ஒரு குழந்தைகள் இல்லத்துக்குள் வடநாட்டிலிருந்து ஒரு சுற்றுலாப் பேருந்து வந்து இறங்கி, பிள்ளைகளை மடியில் வைத்துப் படம் எடுத்துக்கொண்டு போனால் நாம் சும்மா இருப்போமா? இங்கே இளைஞர் நீதிச் சட்டம், குழந்தைகள் நலக் குழுவின் ஆணை, இல்லத்தின் பதிவு என்று எத்தனை கேட்கிறோம். எல்லை தாண்டியதும் அந்த அறிவை எல்லாம் சுனௌலியிலேயே இறக்கி வைத்துவிடுகிறோம்.

நேபாளத்தின் 2018ஆம் ஆண்டுக் குழந்தைகள் சட்டம், பெற்றோரோடு இருக்க முடியாத பிள்ளைக்கு முதலில் உறவினர் வீடு, பிறகு வேறொரு வளர்ப்புக் குடும்பம், இவை எதுவும் இயலாதபோதே இல்லம் என்று வரிசைப்படுத்துகிறது. அதே ஆண்டில் ஆஸ்திரேலியா, இல்லங்களை நிரப்புவதற்காகப் பிள்ளைகளைக் குடும்பத்திலிருந்து பிரித்துக் கொண்டுபோவதை நவீன அடிமைத்தனத்தின் ஒரு வடிவமாக ஏற்றது. இப்படிச் சட்டங்கள் மாறிவரும் காலத்தில், நம் யாத்திரை நிறுவனங்களின் துண்டுப் பிரசுரங்களில் மட்டும் குழந்தைகள் இல்லம் இன்னமும் பசுபதிநாதருக்கும் புத்தநீலகண்டருக்கும் நடுவே ஓர் இடமாக அச்சாகி வருவது எனக்கு வருத்தமளிக்கிறது.

உதவ விரும்புவோர் உதவாமல் இருக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. நானும் இப்போது உதவிக்கொண்டுதான் இருக்கிறேன். மலை மாவட்டங்களில் பிள்ளைகள் வீட்டிலிருந்தே பள்ளிக்குச் செல்லத் துணைநிற்பவர்களுக்கும், பிரிந்த குடும்பங்களைத் தேடிச் சேர்ப்பவர்களுக்கும் பணம் தேவைப்படுகிறது. அதில் படம் எடுத்துக்கொள்ள ஒன்றும் இருக்காது என்பது ஒன்றுதான் குறை. இல்லம் ஒன்றுக்கே கொடுக்க வேண்டும் என்று மனம் விரும்பினால், சென்ற ஆண்டு எத்தனை பிள்ளைகளைக் குடும்பத்தோடு திருப்பிச் சேர்த்தீர்கள் என்று முதலில் கேளுங்கள். அந்தக் கேள்விக்கு முகம் சுளிப்பவருக்குப் பணம் கொடுக்க வேண்டாம். கணக்கு யார் பெயரில் இருக்கிறது என்பதையும் பாருங்கள். ஒரு வங்கிக்காரன் இதைச் சொல்லவேண்டியிருப்பது வெட்கம்தான். பிள்ளையே தன் வாயால் அம்மா இருக்கிறாள் என்று சொன்னால், அதை இல்லத்தை நடத்துபவரிடம் போய்ச் சரிபார்க்காதீர்கள். அரசின் குழந்தைகள் உரிமை அலுவலகத்தில் சொல்லுங்கள். நான் செய்யத் தவறியது அது. செய்திருந்தால் இரண்டு ஆண்டுகள் முன்னதாக அவன் வீடு போயிருப்பான். தந்தையைப் பார்த்திருப்பானா என்பதை நான் கணக்கிட்டுப் பார்க்கத் துணியவில்லை.

தங்களிடம் என் வேண்டுகோள் இதுதான். அந்தக் கட்டுரையின் அடியில் காத்மாண்டு இல்லம் ஒன்றின் தொலைபேசி எண்ணைக் கட்டத்துக்குள் அச்சிட்டிருக்கிறீர்கள். அது நான் அறிந்த இல்லம் அல்ல. அதன்மீது எனக்கு எந்தக் குற்றச்சாட்டும் இல்லை. ஆயினும் அந்த இல்லத்தின் பதிவையும் அதில் உள்ள பிள்ளைகளின் நிலையையும் தங்கள் நிருபர் விசாரித்து உறுதிசெய்யும்வரை, இணையப் பதிப்பிலிருந்தாவது அந்த எண்ணை எடுத்துவிட வேண்டுகிறேன். அடுத்து வரவிருக்கும் கைலாய யாத்திரைச் சிறப்பிதழிலும் இத்தகைய பரிந்துரை இடம்பெறாமல் பார்த்துக்கொள்ளுங்கள். கும்பகோணம், தஞ்சாவூர் வட்டாரத்திலிருந்து இந்த ஆண்டு நேபாளம் செல்லும் குழுக்கள் புறப்படுவதற்கு முன் கூடிப் பேசும் நாளில் என்னை அழைத்தால், அந்த எழுபத்திரண்டு நெஃப்ட் ரசீதுகளையும் எடுத்துக்கொண்டு வருகிறேன்.

இங்ஙனம்,
ஓய்வுபெற்ற வங்கி அலுவலர் ஒருவர்,
கும்பகோணம்.